உயிரிப்பொருள், திசுப்பொறியியல் ஆராய்ச்சிக்கு வருவோருக்கு ஒரு வழிகாட்டி

உடைந்த எலும்பு, தீயில் கருகிய தோல், தேய்ந்த குருத்தெலும்பு, அடைபட்ட இரத்தக்குழாய் ஆகியவற்றின் இடத்தில் வைப்பதற்கான பொருட்களை உருவாக்கி, அவை உடலுக்குள் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்று ஆராய்வது உயிரிப்பொருள் அறிவியல். அத்தகைய பொருளால் நுண்துளைகள் கொண்ட ஒரு சாரக்கட்டை அமைத்து, அதில் செல்களை வளர்த்து, புதிய திசுவாகவே உருவாகச் செய்ய முயல்வது திசுப்பொறியியல். ராபர்ட் லாங்கரும் ஜோசப் வகான்டியும் 1993-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரைதான் இரண்டாவது துறைக்குத் தனி அடையாளத்தைத் தந்தது. இந்தியாவில் படித்து, இத்துறையில் முனைவர் பட்டம் பெற்று, பல்கலைக்கழகத்திலோ தேசிய ஆய்வுக்கூடத்திலோ ஆய்வாளராக நிலைபெற விரும்பும் மாணவர்களுக்காக இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில், உங்களிடம் இல்லாததைக் கணக்கிடுங்கள்

பாலிமர் வேதியியல், உலோகவியல், உயிரித்தொழில்நுட்பம், உயிர்மருத்துவப் பொறியியல், மருந்தியல், பல் மருத்துவம் எனப் பல வாசல்களிலிருந்தும் இத்துறைக்குள் வரலாம். எந்த வாசல் வழியாக வந்தாலும் பாதி அறிவுதான் கையில் இருக்கும் என்பதால், மறுபாதியைத் திட்டமிட்டுக் கற்பதுதான் முதல் வேலை.

வேதியியல் மாணவர் செல் வளர்ப்பைக் கற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். உயிரியல் மாணவர் இயந்திரவியலைக் கற்க வேண்டும் என்பது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. ஆடம் எங்லர், டென்னிஸ் டிஷர் ஆகியோரின் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஒரே வகை ஸ்டெம் செல்களை (பல வகைச் செல்களாக மாறக்கூடியவை) வெவ்வேறு விறைப்புள்ள ஜெல்களின் மேல் வளர்த்தபோது, மூளைத் திசுவைப் போன்று மென்மையான ஜெல்லில் அவை நரம்பு செல்லின் சாயலையும், நடுத்தர விறைப்பில் தசை செல்லின் சாயலையும், கடினமான பரப்பில் எலும்பு செல்லின் சாயலையும் காட்டின. ஊடகத்தில் என்ன மருந்து சேர்த்தோம் என்பதோடு, செல் எதன்மேல் நிற்கிறது என்பதும் அதன் போக்கைத் தீர்மானிக்கிறது. ஆகவே தகைவு (ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை), திரிபு (அதனால் ஏற்படும் உருமாற்றம்), மீட்சிக்குணகம் (விறைப்பின் அளவு; பாஸ்கல் அலகில் குறிப்பது) ஆகியவற்றைப் புரிந்துகொள்ளாமல், மூளைத் திசு ஏறத்தாழ ஒரு கிலோபாஸ்கல் அளவிலும் கெட்டி எலும்பு பத்து, இருபது கிகாபாஸ்கல் அளவிலும் நிற்கின்றன என்பதன் பொருளை உணராமல், இத்துறையின் கட்டுரைகளை ஆழ்ந்து வாசிக்க முடியாது.

இரண்டிலும் ஒரே ஆழம் தேவையில்லை. ஒன்றில் மற்றவர்கள் உங்களிடம் கேட்டு வரும் அளவுக்குத் தேர்ச்சி வேண்டும். மற்றொன்றில், செய்த சோதனையின் முடிவு சரியா தவறா என்று நீங்களே சந்தேகிக்கும் அளவுக்காவது அறிவு வேண்டும். இந்த இரண்டாவது தகுதி இல்லாமல் முனைவர் பட்டம் வாங்கிவிடலாம். ஆனால் ஒரு ஆய்வுக்குழுவை நடத்த முடியாது.

பொருளைப் பிறகு தேர்ந்தெடுங்கள், நோயை முதலில்

புதிதாக வருவோரில் பலர் “கைட்டோசானில் வேலை செய்ய விரும்புகிறேன்”, “கிராபீனில் வேலை செய்ய விரும்புகிறேன்” என்று தொடங்குகிறார்கள். பொருளை முதலில் முடிவு செய்துவிட்டுப் பின்னர் அதற்கு ஒரு பயனைத் தேடுவது, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வெளிவந்து யாருக்கும் உதவாமல் போகும் கட்டுரைகளில் இன்னும் ஒன்றைச் சேர்ப்பதில்தான் முடியும் என்பது என் உறுதியான கருத்து.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவான செயற்கை இதய வால்வின் வரலாற்றை ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டும். வாத இதய நோயால் வால்வு பழுதடைந்த ஏழை நோயாளிகளுக்கு வெளிநாட்டு வால்வு எட்டாத விலையில் இருந்தது; அறுவை மருத்துவரான எம்.எஸ். வலியத்தான் தலைமையில் மருத்துவர்களும் பொறியாளர்களும் அந்தத் தேவையிலிருந்துதான் தொடங்கினார்கள். இதயம் ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு கோடி முறை துடிப்பதால், வால்வின் தட்டும் அத்தனை முறை திறந்து மூட வேண்டும். தேயக்கூடாது, முறியக்கூடாது, இரத்தத்தை உறையவும் விடக்கூடாது. முந்தைய வடிவமைப்புகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. நீலக்கல் படிகத்தால் செய்த தட்டு கூடத் தாங்கவில்லை. கடைசியில் மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் தட்டும், கோபால்ட் உலோகக் கலவையாலான சட்டமும் தேர்வாகி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு அந்த வால்வு பொருத்தப்பட்டது. நீலக்கல் தோற்ற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வென்றது. நோயின் தேவையை அளவுகோலாக வைத்திருந்ததால்தான் அவர்களால் ஒரு பொருளைக் கைவிட்டு இன்னொன்றுக்கு மாற முடிந்தது.

ஆகவே ஆய்வுத் தலைப்பை எழுதுவதற்கு முன், ஒரு மருத்துவரின் அனுமதி பெற்றுப் புறநோயாளிகள் பிரிவில் சில நாட்கள் நில்லுங்கள். சர்க்கரை நோயாளியின் காலில் உள்ள ஆறாத புண்ணுக்கான கட்டு ஒன்றை உருவாக்க நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டை யார் மாற்றுகிறார், செவிலியரா, வீட்டில் மனைவியா? எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறார்? பிரிக்கும்போது புதிதாக வளர்ந்த திசுவும் சேர்ந்து உரிந்து வருகிறதா? நோயாளி அந்தக் காலை ஊன்றி வேலைக்குப் போகிறாரா? இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகள் கட்டுக்காக நீங்கள் உருவாக்கும் ஹைட்ரோஜெல்லின் (நீரை உறிஞ்சி வைத்திருக்கும் ஜெல்) ஒட்டும் தன்மை, நீர் உறிஞ்சும் அளவு, அழுத்தம் தாங்கும் வலிமை, விலை ஆகிய நான்கையும் தீர்மானித்துவிடும்.

தேர்வுகளும் உதவித்தொகையும்

இதில் விரிவாகச் சொல்ல அதிகமில்லை. பொறியியல் மாணவர்களுக்கு கேட் தேர்வில் உயிர்மருத்துவப் பொறியியல், உயிரித்தொழில்நுட்பம், பொறியியல் அறிவியல் ஆகிய தாள்கள் பொருந்தும். முதுகலை அறிவியல் மாணவர்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட், உயிரித்தொழில்நுட்பத் துறையின் தேர்வு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேர்வு ஆகியவை உள்ளன. 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாயாகவும், முதுநிலை ஆய்வாளர் உதவித்தொகை 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. வீட்டு வாடகைப்படி தனி. நெறியாளரின் திட்ட நிதியிலிருந்து சம்பளம் பெற்றும் சேரலாம். ஆனால் திட்டம் மூன்று ஆண்டில் முடியும், ஆய்வேடு ஐந்து ஆண்டு எடுக்கும். சொந்த உதவித்தொகையோடு சேரும் மாணவருக்குத் தலைப்பைத் தேர்ந்தெடுப்பதிலும், தேவைப்பட்டால் நெறியாளரை மாற்றிக்கொள்வதிலும் கிடைக்கும் சுதந்திரம் பெரிது. அதற்காக ஓராண்டு கூடுதலாகப் படித்துத் தேர்வு எழுதுவது வீண் அல்ல.

ஆய்வுக்கூடத்தைத் தேர்ந்தெடுத்தல்

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு அருகிலேயே நல்ல இடங்கள் உள்ளன. சென்னை அடையாறிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தோலின் அடிப்படைப் புரதமான கொலாஜனைப் பல தலைமுறைகளாக ஆராய்ந்துவருகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் கொலாஜனின் மூவிழைச் சுருள் அமைப்பை முன்வைத்தபோது, அதற்கான ஆய்வுப் பொருள் அந்த நிறுவனத்திலிருந்துதான் வந்தது. இன்று திசுப்பொறியியலில் மிக அதிகமாகப் பயன்படும் பொருட்களில் ஒன்றின் அமைப்பு நம் ஊரில் அறியப்பட்டது என்பதை இங்கே படிக்கும் மாணவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சென்னை ஐ.ஐ.டி., தஞ்சாவூர் சாஸ்த்ராவின் நானோ தொழில்நுட்ப, உயர்நிலை உயிரிப்பொருள் மையம், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம், திருவனந்தபுரத்தின் சித்திரைத் திருநாள் நிறுவனம் ஆகியவற்றையும் பாருங்கள். ஐ.ஐ.டி. சென்னை, வேலூர், திருவனந்தபுரம் ஆகிய மூன்றும் இணைந்து மருத்துவமனைச் சூழலில் பொறியாளர்களைப் பயிற்றுவிக்கும் பாடத்திட்டம் ஒன்றையும் நடத்திவருகின்றன.

நிறுவனத்தின் பெயரைவிட நெறியாளர் முக்கியம். அவருக்கு எழுதும் மின்னஞ்சல் பத்து வரிகளுக்குள் இருக்கட்டும். “மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு” என்று தொடங்கி, அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றில் உங்களுக்குப் புரியாத அல்லது மேலும் அறிய விரும்பும் ஒரு குறிப்பிட்ட முடிவைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவோருக்கு விடை வருவதில்லை.

நேர்காணலுக்குப் போகும் நாளில் நெறியாளர் இல்லாத நேரத்தில் ஆய்வு மாணவர்களோடு தேநீர் குடியுங்கள். முந்தைய மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், பாதியில் விட்டுப்போனவர்கள் உண்டா, செல் வளர்ப்பு ஊடகத்தில் சேர்க்கும் கன்றுக் கருவின் சீரம் வாங்க எத்தனை மாதம் காத்திருக்க வேண்டியிருக்கிறது, செல்களை வைத்து வளர்க்கும் கார்பன் டைஆக்சைடு இன்குபேட்டர் சொந்தமா, வேறு துறையினருடையதா, மின்சாரம் போனால் தாங்கும் மாற்று ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியை வெளியே பணம் கட்டிப் பயன்படுத்திக்கொள்ளலாம். தினமும் தேவைப்படும் இன்குபேட்டரை அப்படிப் பயன்படுத்த முடியாது. மாணவர்கள் பதில் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆண்டு: அளவிடக் கற்றுக்கொள்ளுதல்

இப்பகுதியைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். புதிய பொருளைத் தயாரிப்பது ஒப்பீட்டளவில் எளிது. அது செல்லுக்குத் தீங்கற்றது என்று நாணயமாகச் சொல்வது கடினம்.

மருத்துவக் கருவிகளின் உயிரியல் மதிப்பீட்டுக்கான ஐ.எஸ்.ஓ. 10993 தரநிலைகளில் ஐந்தாம் பகுதி செல்நச்சுச் சோதனையைப் பற்றியது. வழக்கமாக, பொருளைச் செல் வளர்ப்பு ஊடகத்தில் 37 பாகை செல்சியஸில் 24 மணி நேரம் ஊறவைத்து, அந்த ஊடகத்தைச் செல்களின் மேல் ஊற்றி, எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எம்.டி.டி. சாயத்தால் அளப்பார்கள். உயிருள்ள செல்கள் இந்த மஞ்சள் சாயத்தை ஊதா நிறப் படிகமாக மாற்றும். அதைக் கரைத்து நிறத்தின் அடர்த்தியை அளந்து, ஒப்பீட்டு மாதிரியோடு பார்க்கும்போது உயிர்ப்பு 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தால் அப்பொருள் நச்சுத்தன்மை உடையது என்று கொள்ளப்படும். கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது.

இப்போது உங்கள் சாரக்கட்டில் மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமினையோ ஒரு மூலிகைச் சாற்றையோ சேர்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஆய்வுக்கூடங்களில் இது மிகச் சாதாரணம். பாலிஃபீனால்கள் மிகுந்த பல தாவரச் சாறுகள் செல்லே இல்லாத கிண்ணத்திலும் எம்.டி.டி. சாயத்தை ஊதாவாக மாற்றிவிடும். நச்சால் செல்கள் இறந்திருந்தாலும் கருவி 100, 120 விழுக்காடு உயிர்ப்பு என்று காட்டும். மாணவர் மகிழ்ச்சியோடு “செல் பெருக்கத்தைத் தூண்டுகிறது” என்று எழுதுவார். பச்சையாக ஒளிரும் சாயத்தைக் கொண்டு உயிருள்ள செல்களைப் படம் எடுக்கலாம் என்றால், குர்குமினும் தானே பச்சையாக ஒளிரக்கூடியது. ஆகவே செல் இல்லாமல் பொருள் மட்டும், பொருள் இல்லாமல் செல் மட்டும், நிச்சயமாகச் செல்லைக் கொல்லும் ஒரு பொருள் என்ற மூன்று ஒப்பீட்டு மாதிரிகளும் ஒவ்வொரு செல் வளர்ப்புத் தட்டிலும் இருக்க வேண்டும். அதோடு, வேறு கொள்கையில் இயங்கும் இன்னொரு சோதனையால், எடுத்துக்காட்டாகச் செல்களின் டி.என்.ஏ. அளவைக் கணக்கிட்டு, முடிவை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கிருமிநீக்கத்திலும் இதே கவனம் வேண்டும். ஆட்டோகிளேவின் 121 பாகை நீராவியில் கொலாஜன் ஜெலட்டினாக மாறிவிடும், பி.எல்.ஜி.ஏ. போன்ற சிதையும் பாலியெஸ்டர்கள் உருக்குலைந்துவிடும். காமா கதிர்களும் பாலிமர் சங்கிலிகளை அறுக்கக்கூடியவை. எத்திலீன் ஆக்சைடு வாயுவைப் பயன்படுத்தினால் அதன் எச்சம் முழுதும் வெளியேறக் காத்திருக்க வேண்டும். 70 விழுக்காடு ஆல்கஹாலில் முக்கி எடுப்பது ஆய்வுக்கூடத்துக்குப் போதுமானதாகத் தோன்றினாலும், அது பாக்டீரியாவின் வித்துகளைக் கொல்லாது. எனவே இழுவலிமையையும் சிதையும் வேகத்தையும் கிருமிநீக்கம் செய்த மாதிரிகளிலேயே அளவிடுங்கள். நோயாளியின் உடலுக்குள் போகப்போவது அந்தப் பொருள்தான்.

செல்களை வாங்கியதும் மைக்கோப்ளாஸ்மா என்ற மிக நுண்ணிய பாக்டீரியாவின் தொற்று உண்டா என்று சோதித்து, உறைநிலையில் சேமித்து, எத்தனையாவது முறை பிரித்து வளர்க்கிறீர்கள் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். ஒரே நாளில் ஒரே தட்டின் மூன்று குழிகளில் கிடைத்த எண்களை மூன்று தனித்தனிச் சோதனைகளாகக் காட்டாதீர்கள். வேறு வேறு நாளில், புதிதாகத் தயாரித்த பொருளோடு, புதிதாக எடுத்த செல்களோடு திரும்பச் செய்வதே தனிச் சோதனை.

விலங்கும் மனிதரும்

விலங்குச் சோதனைக்கு நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்தியக் குழுவில் அந்த விலங்குக் கூடத்தின் பதிவும் வேண்டும். மனிதத் திசுவையோ ஸ்டெம் செல்லையோ கையாளுவதற்குத் தனிக் குழுக்கள் உள்ளன. விண்ணப்பம் கூட்டத்துக்கு வருவதற்கே மாதங்கள் ஆகலாம் என்பதால், இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே எழுதத் தொடங்குங்கள். எத்தனை விலங்குகள் தேவை என்பதைப் புள்ளியியல் வல்லுநரிடம் கேட்டுக் கணக்கிடுங்கள். தேவைக்கு மேல் பயன்படுத்துவதும் தவறு, முடிவு எதுவும் சொல்ல முடியாத அளவுக்குக் குறைவாகப் பயன்படுத்துவதும் தவறு.

இதை வெறும் காகித வேலையாக நினைக்கக்கூடாது. 2011-இலும் 2012-இலும் சுவீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் பாவ்லோ மக்கியாரினி என்ற அறுவை மருத்துவர், ஸ்டெம் செல்கள் தூவிய பிளாஸ்டிக் மூச்சுக்குழாயை நோயாளிகளுக்குப் பொருத்தினார். உலகமே அதைப் புகழ்ந்தது. அங்கே அறுவை செய்யப்பட்ட மூவரும் பின்னர் இறந்தார்கள். முறையான விலங்குச் சோதனைகளின் ஆதாரம் இல்லாமலேயே அது செய்யப்பட்டதாக வெளிப்படுத்தியவர்கள் உடன் பணியாற்றிய மருத்துவர்கள்தாம். 2023-இல் சுவீடனின் மேல்முறையீட்டு நீதிமன்றம் மக்கியாரினிக்குச் சிறைத்தண்டனை விதித்தது. உங்கள் ஆய்வுக்குழுவில் ஒரு படம் இரண்டு கட்டுரைகளில் வெவ்வேறு பெயரில் வருவதைக் கண்டால், அதைக் கேட்கும் துணிவு இத்துறையில் ஒருவருக்கு இருக்க வேண்டிய அடிப்படைத் தகுதி.

கட்டுரை, மாநாடு, மேலாய்வு

ஆய்வுக் கட்டுரையில் யார் முதல் ஆசிரியர் என்பதை வேலை தொடங்கும்போதே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர், வேதியியலாளர், உயிரியலாளர் என மூன்று குழுக்கள் சேரும் துறையாதலால் மனத்தாங்கல் இங்கே எளிதில் வரும். பணம் கட்டினால் பத்து நாளில் வெளியிடும் இதழ்களை அறவே தவிர்த்துவிடுங்கள். உயிரிப்பொருள், செயற்கை உறுப்புகளுக்கான இந்தியச் சங்கம் நடத்தும் மாநாடுகளில் சுவரொட்டி வைப்பதிலிருந்து தொடங்கலாம். டெர்மிஸ் என்ற உலகத் திசுப்பொறியியல் சங்கத்தின் ஆசிய-பசிபிக் கிளை மாநாடு அடுத்த படி.

முனைவர் பட்டத்துக்குப் பிறகு மேலாய்வுக்குப் போகும்போது அதே பொருளையும் அதே சோதனைகளையும் தொடராதீர்கள். எலும்புச் சாரக்கட்டில் பட்டம் பெற்றவர், சாரக்கட்டைச் சூழும் நோயெதிர்ப்பு செல்களை ஆராயும் குழுவில் சேர்ந்தால், திரும்பி வரும்போது யாரிடமும் இல்லாத ஒரு கூட்டுத்திறன் கையில் இருக்கும். ஜெர்மனியின் ஹம்போல்ட், ஐரோப்பாவின் மேரி கியூரி, ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ். ஆகிய உதவித்தொகைகளுக்கு நல்ல திட்டம் இருந்தால் வாய்ப்பு உண்டு. நாடு திரும்புவோருக்கு ராமலிங்கசுவாமி, ராமானுஜன் ஆகிய திட்டங்களும், இளம் ஆய்வாளர்களுக்கு இன்ஸ்பயர் ஆசிரியத் திட்டமும் உள்ளன.

ஆசிரியப் பணிக்கு விண்ணப்பித்தல்

தேர்வுக்குழு உங்களிடம் எத்தனை கட்டுரை என்று பார்க்கும். அதைவிட, நெறியாளரின் வேலையிலிருந்து உங்கள் வேலை எங்கே பிரிகிறது என்று கேட்கும். அடுத்த ஐந்து ஆண்டுக்கான திட்டத்தில் ஒரு நோய், அதற்கான ஒரு கேள்வி, உடன் இருக்கும் ஒரு மருத்துவரின் ஒப்புதல் கடிதம் ஆகியவை இருந்தால் போதும். ஏழு நோய்களுக்கு ஒரே ஹைட்ரோஜெல் என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். தனியார் கல்லூரிகளில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு, ஆய்வுக்கான தொடக்க நிதி எவ்வளவு, ஆய்வு மாணவரைச் சேர்க்க அனுமதி எப்போது என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்கிய பின்பே கையொப்பமிடுங்கள்.

தொடக்க நிதி குறைவாக இருந்தால் முதலில் வாங்க வேண்டியவை உயிர்ப்பாதுகாப்புப் பெட்டி, கார்பன் டைஆக்சைடு இன்குபேட்டர், தலைகீழ் நுண்ணோக்கி, சிறிய சென்ட்ரிஃபியூஜ், திரவ நைட்ரஜன் கலன், இவை அனைத்துக்கும் மின்தடையின்போது தாங்கும் யு.பி.எஸ். ஆகியவை. த்ரீ-டி உயிரி அச்சுக்கருவி பிறகு வரட்டும். முதல் ஆய்வு மாணவரைச் சேர்த்ததும், அவரோடு நீங்களும் ஆறு மாதமாவது செல் வளர்ப்பு அறையில் நின்று வேலை செய்யுங்கள். ஒப்பீட்டு மாதிரி வைக்காமல் ஒரு தட்டைக்கூடத் தொடாத பழக்கத்தை அவர் அங்கேதான் உங்களிடமிருந்து கற்றுக்கொள்வார்.